வீட்டு ஹாலில் ஸ்ட்ரோப் விளக்கு: முகத்தின் நிறம் மாறாத எக்ஸ்போஷர்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடுகளுக்கே சென்று குடும்பப் படம் எடுப்பது என் தொழில். புதுப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு ஸ்ட்ரோப் விளக்குகள் (படம் எடுக்கும் கணத்தில் மட்டும் மின்னும் ஸ்டூடியோ ஃபிளாஷ்), ஒரு சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டி), மடக்கிய குடை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினால், பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில்தான் போய் நிற்பேன். அங்கே சரியான எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவுக்கு, என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோல் என்ன நிறமோ அதுவே படத்தில் வர வேண்டும். கறுப்பு கறுப்பாக, மாநிறம் மாநிறமாக. ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி, முகத்தை வெளுக்க வைத்துவிட்டு அதைப் பளிச்சென்ற படம் என்று கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அது எக்ஸ்போஷர் பிழை. வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தாலும் பிழைதான்.

இதைக் கேமராவுக்குள் இருக்கும் மீட்டரை நம்பிச் செய்ய முடியாது. ஸ்ட்ரோப் மின்னி மறைவது நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம். பொத்தானை அழுத்தும் முன் கேமரா அளக்கும்போது அந்த ஒளி அறையிலேயே இல்லை. முன்கூட்டியே ஒருமுறை லேசாக மின்னி அளந்துகொள்ளும் தானியங்கி வகை விளக்குகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு: கேமரா அளப்பது பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டும், வெள்ளை வேட்டி நிறைத்தால் குறைக்கும். நமக்கு வேண்டியது முகத்தின் மேல் விழும் ஒளியின் அளவு. விழும் ஒளிக்கு யார் கறுப்பு, யார் சிவப்பு என்று தெரியாது. அதனால்தான் அதை நம்பலாம்.

முதலில் கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி, லென்ஸின் துளை எஃப் 8. எஃப் எண் பெரிதானால் துளை சிறிதாகும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே வரக் கேமரா செய்யும் நிறத் திருத்தம்) ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஸ்டூடியோ ஸ்ட்ரோப்களின் ஒளி ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் இருக்கும். ரா கோப்பாகவே, அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் பதிவாகவே, எடுங்கள். மிரர்லெஸ் கேமரா என்றால் திரையில் எக்ஸ்போஷரை முன்கூட்டிக் காட்டும் வசதியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த அளவுகளில் திரை இருண்டு கிடக்கும், யார் முகமும் தெரியாது. ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரிலிருந்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு வந்துவிடுங்கள், பெரும்பாலான கேமராக்களில் முன்னதோடு ஃபிளாஷ் வேலை செய்யாது.

ஷட்டர் ஏன் 1/125? ஒவ்வொரு கேமராவுக்கும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் ஒன்று உண்டு. பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் ஷட்டர் திரை முழுவதும் திறந்திருக்கும் கணமே இருக்காது. படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். விலை குறைந்த ரேடியோ டிரிகர்கள் (கம்பியில்லாமல் ஸ்ட்ரோபை மின்னவைக்கும் கருவிகள்) இம்மி தாமதமாகச் சைகை அனுப்புவதும் உண்டு. 1/125-ல் நின்றால் இரண்டு தொல்லையும் இல்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் அடுத்தது. ஷட்டர் வேகத்தை 1/60-க்கோ 1/200-க்கோ மாற்றினாலும் ஸ்ட்ரோப் தரும் வெளிச்சம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அறையில் ஏற்கெனவே உள்ள வெளிச்சம் குழாயில் சன்னமாக ஒழுகும் தண்ணீர் என்றால், ஸ்ட்ரோப் ஒரே வீச்சில் கவிழ்க்கப்படும் சொம்பு. வாளியை நீங்கள் எவ்வளவு நேரம் பிடித்தாலும் சொம்பிலிருந்து விழுந்தது அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் மட்டும் நேரத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஷட்டர் என்பது அறை வெளிச்சத்துக்கான திருகு. துளையும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஆளும். ஸ்ட்ரோபை மட்டும் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் அதன் சக்தியும் அது நிற்கும் தூரமும் இருக்கின்றன. எந்தத் திருகு எதை ஆள்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்.

விளக்கைப் போடுவதற்கு முன், டிரிகரை அணைத்துவிட்டு அதே அளவுகளில் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தாலும் எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100-ல் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஏதாவது தெரிந்தால், சன்னல் வெளிச்சமோ பூஜை அறையின் மஞ்சள் பல்போ உள்ளே வருகிறது என்று அர்த்தம். சன்னலை மூடுங்கள், பல்பை அணையுங்கள். கலப்பு வெளிச்சத்தில் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வந்துவிட்டால், பிறகு மென்பொருளில் அதை நேர்த்தியாக்குவது பெரும்பாடு. விளக்கிலேயே எரியும் மாடலிங் பல்பு இருக்கிறதல்லவா, அது நிழல் எங்கே விழும் என்று பார்ப்பதற்கு மட்டும். அதன் பிரகாசத்தை வைத்து எக்ஸ்போஷரை ஊகிக்காதீர்கள்.

இப்போது அளப்போம். கையடக்க லைட் மீட்டர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுங்கள். மூன்றாவது லென்ஸ் வாங்கும் பணத்தை இதில் போடுவது எவ்வளவோ மேல். மீட்டரை ஃபிளாஷ் முறையில் வைத்து, ஐஎஸ்ஓ 100, 1/125 என்று சொல்லிவிடுங்கள். அமர்ந்திருப்பவரின் தாடைக்குக் கீழே, முகத்தை ஒட்டிப் பிடியுங்கள். வெள்ளைக் குமிழைக் கேமராவை நோக்கித் திருப்புவோரும் உண்டு, முதன்மை விளக்கை நோக்கித் திருப்புவோரும் உண்டு. நான் விளக்கை நோக்கித்தான் திருப்புவேன், ஏனென்றால் வெளிச்சம் படும் கன்னத்தின் நிறம்தான் எனக்கு முக்கியம். டிரிகரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மீட்டர் ஒரு எஃப் எண்ணைக் காட்டும். 11 என்று வந்தால் விளக்கின் சக்தியைப் பாதியாக்குங்கள், 8 வந்துவிடும். சக்தி பாதியானால் ஒரு ஸ்டாப், கால் பங்கானால் இரண்டு ஸ்டாப். குறைத்த உடனே ஒருமுறை சும்மா மின்னவிடுங்கள். பல விளக்குகளில் மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் பழைய மின்சாரம் அப்போதுதான் வெளியேறும். மின்னவிடாமல் எடுத்தால் முதல் படம் வெளிறிப்போகும்.

மீட்டர் இல்லையா? வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கும். நெசவு தெரிகிற நல்ல பருத்தி வேட்டியை மடித்து, உட்காருபவரின் முகம் இருக்கும் இடத்தில், முதன்மை விளக்கைப் பார்த்தபடி பிடிக்கச் சொல்லுங்கள். கேமராவில் மிகை வெளிச்சத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கின் சக்தியைச் சிறிது சிறிதாகக் கூட்டி எடுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வேட்டி சிமிட்டத் தொடங்கும். அங்கிருந்து அரை ஸ்டாப்புக்குச் சற்று முன்பின்னாகக் குறையுங்கள். நெசவின் இழை மீண்டும் தெரியும். அந்த இடத்தில் விளக்கைப் பூட்டிவிட்டு வேட்டியை எடுத்துவிடுங்கள். வெள்ளை வெள்ளையாக நிற்கிறது என்றால் தோல் தானாகவே தன் இடத்தில் விழும். தாத்தா கறுப்பு, பேத்தி சிவப்பு என்பதற்காக இதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அதே வேட்டியை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிபார்க்க மட்டும் போகாதீர்கள். சலவைத் தூளிலும் நீலத்திலும் உள்ள ஒளிர்வூட்டிகள் ஸ்ட்ரோபின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அதை வெள்ளை என்று கேமராவுக்குச் சொன்னால் முகங்கள் மஞ்சளிக்கும். நிறத்துக்குச் சாம்பல் அட்டைதான். சொல்லப்போனால், மஞ்சள் பூசிக் குளித்த பாட்டிமார்களின் முகத்துக்கு நான் 5500-ஐத் தொடுவதே இல்லை. ஆட்டோவில் விட்டால் சில கேமராக்கள் அந்த மஞ்சளைக் கழுவிவிடப் பார்க்கும். அது அவர்கள் காலையில் பார்த்துப் பார்த்துப் பூசிய மஞ்சள், படத்தில் இருக்கட்டும்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு ஹாலில் பிழைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகும். இதை மனக்கணக்கில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எஃப் எண்களின் வரிசை 4, 5.6, 8, 11. இதையே அடிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கை 4 அடியிலிருந்து 5.6 அடிக்கு நகர்த்தினால் ஒரு ஸ்டாப் குறையும், 8 அடிக்கு நகர்த்தினால் இரண்டு ஸ்டாப். 4 அடியில் எஃப் 8 காட்டிய விளக்கு 8 அடியில் எஃப் 4 காட்டும். முகத்துக்கு மிக அருகே வைத்த பெரிய சாஃப்ட்பாக்ஸில் இந்தக் கணக்கு சற்று மென்மையாகும், ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்.

இதன் விளைவு என்ன? 4 அடியில் விளக்கு இருக்கும்போது குழந்தை ஒரு அடி முன்னால் சாய்ந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ஏறிவிடும், நெற்றி வெளுத்துவிடும். விளக்கு 8 அடியில் இருந்தால் அதே சாய்வுக்கு அரை ஸ்டாப்பும் ஏறாது. எனவே ஓடியாடும் குழந்தைகளுக்கு விளக்கைத் தள்ளி வைத்துச் சக்தியைக் கூட்டுங்கள். நிழல் கொஞ்சம் கடினமாகும், பரவாயில்லை. அசையாமல் உட்காரும் பெரியவர்களுக்கு அருகில் வைக்கலாம். என் சாஃப்ட்பாக்ஸ் விளிம்பில் ஒரு சணல் கயிறு தொங்கும், 4 அடியிலும் 5.6 அடியிலும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். மூக்கின் அருகே முடிச்சைப் பிடித்துப் பார்த்தால் விளக்கு நகர்ந்திருக்கிறதா, ஆள் நகர்ந்திருக்கிறாரா என்பது உடனே தெரியும்.

கூட்டுக் குடும்பப் படத்துக்கும் இதே கணக்கு. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தம் முடித்துவிட்டுப் பட்டும் நகையுமாக வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். முன் வரிசையில் நாற்காலி, பின் வரிசையில் நிற்பவர்கள். விளக்கு முன் வரிசையிலிருந்து ஒன்றரை மீட்டரிலும் பின் வரிசையிலிருந்து 2.1 மீட்டரிலும் இருந்தால் இடையில் முழுதாக ஒரு ஸ்டாப் வேறுபாடு. பின்னால் நிற்கும் மருமகள்கள் எல்லோரும் இருட்டுக்குள் போய்விடுவார்கள். விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் அதே இரண்டு வரிசைக்கும் வேறுபாடு அரை ஸ்டாப் அளவுக்கு இறங்கிவிடும். இடம் இல்லாவிட்டால் விளக்கை நன்றாக உயர்த்திப் பின் வரிசையின் முகங்களைப் பார்த்துத் திருப்புங்கள். முன் வரிசைக்கு ஒளியின் ஓரம் மட்டும் கிடைக்கும், இரண்டும் சமமாகும். உயர்த்தும்போது தலைக்கு மேலே சீலிங் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைப்பது என் வழக்கம், யாராவது புழுக்கம் தாங்காமல் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது விளக்கைக் கேமராவுக்குப் பின்னால் குடையில் வைத்து நிழலை நிரப்புகிறேன். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே மின்னவிட்டு அளந்துகொள்ளுங்கள். முதன்மை எஃப் 8 என்றால் நிரப்பு விளக்கு தனியாக எஃப் 4 காட்டினால் முகத்துக்கு உருட்சி கிடைக்கும், எஃப் 5.6 காட்டினால் தட்டையாகும். வயதானவர்களின் சுருக்கத்தை மறைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள், அப்போது 5.6 பக்கம் போகலாம். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒருமுறை அளக்க மறக்காதீர்கள். சம அளவான இரண்டு விளக்குகள் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரு ஸ்டாப் கூடிவிடும். நிரப்பு விளக்கே இல்லையென்றாலும் குறை இல்லை. கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிழல் பக்கத்தில் நிறுத்தினாலே பெரும்பாலான முகங்களுக்குப் போதும்.

அந்தத் தெர்மாகோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்கள் கிளிப்பச்சை, ரோஸ், ஊதா. பத்தடி ஹாலில் ஸ்ட்ரோப் ஒளி சுவரில் மோதித் திரும்பும்போது அந்த நிறத்தையும் கொண்டுவந்து நிழல் பக்கக் கன்னத்தில் பூசிவிடும். எக்ஸ்போஷர் சரியாக இருந்தும் முகம் நோய்வாய்ப்பட்டதுபோல் வருகிறதே என்று குழம்புவார்கள். சுவருக்கும் முகத்துக்கும் நடுவில் தெர்மாகோலை நிறுத்துங்கள், நிழல் ஆழமாக வேண்டுமானால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடுகளில் எடுப்பது தனி மகிழ்ச்சி. வைசியாள் வீதிப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே நான் அறை வெளிச்சத்தைக் கொல்ல மாட்டேன். தூணில் சாய்ந்து ஒருவர் நிற்க, பின்னால் முற்றத்தில் விழும் பகல் வெளிச்சம் தெரிய வேண்டும். முதலில் விளக்கை அணைத்து, முற்றம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வரும்வரை ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். எஃப் 5.6, 1/60-ல் முற்றம் கண்ணுக்குத் தெரிவதுபோல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/125-க்குப் போனால் ஒரு ஸ்டாப் அடங்கி, முன்னால் நிற்பவர் எடுத்துக் காட்டுவார். பிறகு ஸ்ட்ரோபை முகத்தில் எஃப் 5.6 காட்டும்படி அமைத்தால் முடிந்தது. மேகம் வந்து முற்றம் மங்கினால் ஷட்டரைத் தொடுங்கள், ஸ்ட்ரோபைத் தொடாதீர்கள். அந்த வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை நல்ல உயரம். ஆனால் உத்தரமும் செங்கல்லும் தெரியும் கூரையில் ஒளியை மோதவிட்டால் செம்மண் நிறம் இறங்கும், ஆகவே கூரையை நம்பாமல் குடையை நம்புங்கள்.

பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப் 2.8-க்குத் திறக்க விரும்புவோருக்கு ஒரு தடை வரும். 400 வாட்-நொடி (விளக்கின் முழுச் சக்தியின் அளவு) விளக்கை 1/16 சக்தி வரை இறக்கியும், 4 அடியில் சாஃப்ட்பாக்ஸோடு அது எனக்கு எஃப் 5.6-ஐ ஒட்டியே நிற்கிறது. அதற்குக் கீழே அந்த விளக்கு இறங்காது. விளக்கைத் தள்ளி வைக்க இடமும் இல்லை. லென்ஸ் முன்னால் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடி) போட்டால் தீரும். சாஃப்ட்பாக்ஸுக்குள் இன்னொரு வெள்ளைத் துணியைக் கட்டினாலும் ஓரளவு தீரும். சிறிய வீடுகளில் மட்டும் எடுப்பவர்கள் 200 வாட்-நொடிக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது.

படத்தை எடுத்த பிறகு கேமராத் திரையின் அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடம்) போட்டுக்கொள்ளுங்கள். நம் தோலில் முதலில் எல்லை மீறுவது சிவப்புத்தான், அதிலும் குங்குமமும் அரக்குப் பட்டும் சேர்ந்தால் சீக்கிரமே மீறும். மூன்றையும் கூட்டிக் காட்டும் ஒற்றை வரைபடம் இதை மறைத்துவிடும். கறுத்த முகம் வரைபடத்தின் இடப்பக்கமாக நிற்பது இயல்பு. நடுவுக்கு வரவில்லையே என்று சக்தியைக் கூட்டினால் தொடங்கிய இடத்துக்கே, அதாவது வெளுத்த முகத்துக்கே, திரும்பிவிடுவீர்கள். நகையின் ஓரத்தில் ஒரு புள்ளி சிமிட்டினால் விட்டுவிடுங்கள், தங்கம் மின்னத்தான் வேண்டும். தலையில் வைத்த மல்லிகை மொத்தமும் சிமிட்டினால் பின்னாலிருந்து முடிக்குக் கொடுக்கும் விளக்கைக் குறையுங்கள். எண்ணெய் தேய்த்து வாரிய கறுப்புக் கூந்தலைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட முதன்மையைவிட ஒரு ஸ்டாப் குறைவான பின்விளக்கு தாராளம்.

சித்திரை வைகாசியில் வியர்வையே ஒரு எக்ஸ்போஷர் பிரச்சினை. முடி பறக்கிறது என்று ஃபேனை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் நெற்றியும் மூக்கும் கண்ணாடியாகும், அங்கெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். சக்தியைக் குறைத்தால் திட்டு போகாது, முகம்தான் இருளும். பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவைத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் கடலோர ஈரப்பதத்தில் லென்ஸ் பனித்துவிடும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. விளக்கு மீண்டும் நிரம்பியதைச் சொல்லும் ஒலி கேட்ட பிறகே அடுத்த படம். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருக்களில் நிரம்ப நேரமாகும், அவசரப்பட்டால் ஒரு படம் சரி, ஒரு படம் இருட்டு என்று வரும். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டும் செருகுங்கள், வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். பழைய ஸ்ட்ரோபைக் கம்பி வழியாகக் கேமராவில் நேராக இணைக்காதீர்கள். சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் இன்றைய கேமராவைப் பழுதாக்கும் அளவுக்கு அதிகம். விளக்கை நீங்களே பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கும்.

"கொஞ்சம் வெள்ளையாக வரும்படி எடுத்துக் கொடம்மா" என்று கேட்காத வீடு அபூர்வம். அம்மாக்கள் தங்களுக்காகக் கேட்பதைவிடப் பெண்ணுக்காகக் கேட்பதுதான் அதிகம். நான் வாதாடுவதில்லை. சரியாக அளந்து எடுத்த படத்தையும் ஒரு ஸ்டாப் கூட்டிய படத்தையும் அருகருகே காட்டுவேன். கூட்டியதில் கன்னத்தின் வளைவு போயிருக்கும், மூக்குத்தியின் ஒளி தோலோடு கலந்திருக்கும், புடவைச் சரிகை வெறும் மஞ்சள் பட்டையாகியிருக்கும். பெரும்பாலும் அவர்களே முதல் படத்தைக் காட்டி "இது நம் பிள்ளை மாதிரியே இருக்கிறது" என்பார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்திலும் ஆல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு நான் படம் எடுத்திருக்கிறேன். தாத்தாவின் முகம் நினைவிருக்கிறது, நிறம் நினைவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு ஸ்டாப்பை ஏமாற்றிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

அச்சுக்கு அனுப்பும்போது இத்தனை உழைப்பும் வீணாக ஒரு வழி இருக்கிறது. பல லேப்களில் படங்களை இயந்திரமே தானாகத் திருத்தி வெளுப்பாக்கும். தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவைத்துப் பார்த்துத் திருத்துங்கள். மிகப் பிரகாசமான திரையில் சரியாகத் தெரியும் முகம் தாளில் இருண்டு வரும். முதலில் ஒரே ஒரு சிறிய அச்சை மேட் தாளில் போட்டு, வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில், முடிந்தால் படத்தில் இருப்பவரையே பக்கத்தில் நிற்கவைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்கு ஆர்டர் கொடுங்கள்.